ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரே லெவல் கிட் வாங்கப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சிட்டு வாங்குங்க

வீட்லயே ரெண்டு புள்ளைங்கள வச்சு படிக்க வைக்கறவங்களுக்கு எல்லாரும் குடுக்கற முதல் யோசனை இதுதான். "எதுக்குங்க ரெண்டு சிலபஸ், பாடப் புத்தகம், வொர்க்புக், டீச்சர் கைடு எல்லாம் சேந்த ஒரே கிட் வாங்கி ரெண்டு பேரையும் ஒரே லெவல்ல போட்டுருங்க, உங்க வேலை பாதியாயிரும்." எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. சொன்னவங்க ஒருத்தரும் எந்தப் பாடத்த சேத்து நடத்தலாம், எதை சேக்கவே கூடாதுன்னு சொல்லல. அது புரியறதுக்குள்ள எனக்கு ஒரு கல்வி வருஷம் போச்சு, 42,500 ரூபா போச்சு, அதவிட பெருசா எம் பொண்ணு கணக்கு நோட்ட எடுத்தாலே வயிறு வலிக்குதுன்னு சொல்ற அளவுக்கு போயிட்டா. பணம் போனது கூட ஆறிப்போச்சு, அந்த வயித்து வலிதான் இன்னும் மனசுல நிக்குது. யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு அப்ப ரொம்ப நெனச்சேன், அதான் நீளமா இருந்தாலும் பரவால்லன்னு எழுதறேன்.

நாங்க கோயமுத்தூர். பெரியவ 2012ல பொறந்தவ, சின்னவன் 2015. 2020ல ஸ்கூல் மூடினப்ப அவ மூணாங்கிளாஸ் ஆரம்பிக்கற நேரம், அந்த வருஷம் முழுக்க போன்ல கிளாஸ். வகுத்தல், பின்னம், ரெண்டு இலக்கப் பெருக்கல் எல்லாம் அந்த போன் கிளாஸ்லதான் ஓடுச்சு, ஓடுச்சுன்னா ஓடியே போச்சு, புள்ள மண்டையில ஒண்ணும் நிக்கல. ஆனா கதை புத்தகம்னா உயிர், தமிழும் சரி இங்கிலீஷும் சரி கையில கெடச்சத படிப்பா. சின்னவன் அப்படியே நேரெதிர். எண்ணுன்னா அவனுக்கு வெளையாட்டு, பஸ் நம்பர் எல்லாம் கூட்டிக்கிட்டே வருவான், ஆனா ஒரு வரி எழுதச் சொன்னா கை வலிக்குதும்பான், படிக்கறதும் ஒவ்வொரு எழுத்தா தடவித் தடவித்தான். இத ஏன் இவ்ளோ வெவரமா சொல்றேன்னா, வயசு வித்தியாசம் மட்டும் பிரச்னையில்ல, ரெண்டு புள்ளைங்க பலமும் எதிரெதிரா இருந்தா ஒரே லெவல்ங்கறது எவ்ளோ மோசமா திரும்பும்னு சொல்லத்தான்.

ஸ்கூல் திறந்த பெறகும் பல காரணத்தால நாங்க வீட்லயே தொடரலாம்னு முடிவு பண்ணோம், அந்தக் கதை இங்க வேண்டாம். நான் வீட்ல இருந்தே நாலஞ்சு சின்ன கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்கறேன். இந்த வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும், மாசம் 11ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதிக்குள்ள 3பின்னு ரெண்டு ரிட்டர்ன் போடணும், அந்த ரெண்டு தேதிக்கு முன்னாடி வர்ற நாளெல்லாம் நான் மனுஷியே இல்ல. ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஆறு பாடம்னா மொத்தம் பன்னெண்டு, எங்கிருந்து நேரம் வரும். வீட்டுக்காரர் காலைல ஏழரைக்கு கெளம்பினா ராத்திரிதான். அத்தை கூட இருக்காங்க, சமையல்ல பாதி அவங்க பாத்துக்குவாங்க, பாடம்னா "எனக்கென்ன கண்ணு தெரியும்"னு ஒதுங்கிக்குவாங்க. அப்படிப்பட்ட நேரத்துல ஒருத்தங்க வந்து ஒரே கிட், ஒரே டீச்சர் கைடு, ரெண்டு புள்ளைங்க, காலைல ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு சொன்னா யாருக்குத்தான் ஆசை வராது.

வித்தவங்க பேர் எழுதப் போறதில்ல. வெளிநாட்டு கிட், இங்க ஒருத்தங்க வரவழைச்சுக் குடுத்தாங்க. 2022 ஜூன்ல வாங்கினோம். மெயின் கிட் 31,000, ரெண்டாவது புள்ளைக்கு தனியா வொர்க்புக் செட் 8,500, கூரியர் கஸ்டம்ஸ்னு ஒரு 3,000. இதுல அந்த 8,500 பணம் கட்டற கடைசி நேரத்துலதான் தெரிய வந்துச்சு. விளம்பரத்துல ஒரே கிட் போதும்னு இருக்கும், உள்ள போனா எழுதற புத்தகம் எல்லாம் ஒரு புள்ளைக்கு ஒண்ணு வாங்கணும், ஜெராக்ஸ் எடுக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கும். அதனால எந்த கிட்டா இருந்தாலும் பணம் கட்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்த எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க, இதுல எழுதித் தீந்து போற புத்தகம் எத்தனை, ரெண்டாவது புள்ளைக்கு அதோட வெலை என்னன்னு. வாட்ஸாப்ல பதில் வந்தாலும் போதும். போன்ல சொன்னா அது காத்தோட போச்சு.

அடுத்து லெவல் எப்படி முடிவு பண்ணாங்கன்னு சொல்றேன், இதுதான் முக்கியம். ரெண்டு பேருக்கும் ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் வச்சாங்க. கணக்கு, படிக்கறது, எழுதறது எல்லாம் கலந்து ஒரே டெஸ்ட், கடைசில ஒரே ஒரு மார்க். பெரியவ படிக்கறதுல எங்கயோ மேல, கணக்குல கீழ, சராசரி பண்ணா நடுவுல வந்துட்டா. சின்னவன் கணக்குல மேல, எழுத்துல கீழ, அவனும் சராசரில நடுவுக்கு வந்துட்டான். ரெண்டு பேரும் லெவல் மூணுக்கு கரெக்டா இருக்காங்க மேடம்னு சந்தோஷமா சொன்னாங்க. வயசுப்படி பாத்தா அவ அஞ்சாங்கிளாஸ், இவன் ரெண்டாங்கிளாஸ். நடுவுல மூணு, எனக்கும் அப்ப அது நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா சராசரிங்கறது பேப்பர்லதான் இருக்கும், அந்த லெவல்ல எங்க வீட்ல ஒரு புள்ளையும் இல்ல. பெரியவளுக்கு அதுல இருந்த வாசிப்புப் பாடமெல்லாம் பால்வாடி மாதிரி, சின்னவனுக்கு அதே பாடம் மலையேறற மாதிரி. டெஸ்ட் வச்சா பாடத்துக்கு ஒரு மார்க் தனித்தனியா குடுக்கறாங்களான்னு கேளுங்க, ஒரே மார்க்தான் குடுப்போம்னா அந்த டெஸ்ட்ட நம்பி எதையும் வாங்காதீங்க.

முதல் மாசம் நல்லாவே போச்சு, அத மறைக்கக் கூடாது. புதுப் புத்தக வாசனை, கலர் கலரா அட்டைங்க, சின்னவன் ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டு தூங்குவான். அப்பறம் மெதுவா ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. கணக்குல பாதி பக்கம் அமெரிக்க சில்லறைக் காசு, டைம், நிக்கல், குவார்ட்டர். அவன் "நிக்கல்னா எத்தனை ரூபாம்மா"ன்னு கேக்கறான். நீளம்லாம் இஞ்சுல, சூடு ஃபாரன்ஹீட்ல. பெரிய எண் வந்தா கமா மூணு மூணு இலக்கத்துக்கு, நம்ம லட்சம் கோடி கணக்குல கமா விழற எடமே வேற, அவ ஏற்கனவே தடுமாறிட்டு இருந்த புள்ள, 1,00,000ஐ ஒரு நாள் ஒரு மாதிரி எழுதுவா மறுநாள் வேற மாதிரி எழுதுவா. வரலாறுன்னு இருந்ததுல எங்க ஊரும் இல்ல நம்ம நாடும் இல்ல. இதெல்லாம் சமாளிச்சிருப்பேன், நெஜமா. சமாளிக்க முடியாம போனது வேற.

கைடுல எப்படி இருக்கும்னா, டீச்சர் கேள்வி கேக்கணும், புள்ளைங்க பதில் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல, ஒரே பக்கத்த திறந்து வச்சிருப்பாங்க. நான் "நாப்பத்தெட்ட ஆறால வகுத்தா"ன்னு முடிக்கறதுக்குள்ள இவன் "எட்டு"ன்னுடுவான். அவ அப்பதான் ஆறாம் வாய்ப்பாட்ட விரல்ல எண்ணிக்கிட்டு இருப்பா. எண்ணிட்டு இருந்த விரல டேபிளுக்கு அடியில எறக்கிக்குவா. அத நான் பாத்துட்டேன்னு அவளுக்கும் தெரியும். அப்பறம் அவன் பதில் சொன்ன பெறகு அதையே எழுதிக்குவா, நோட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கும், டிக் போட்டுட்டே வருவேன், ஆனா ஒரு கணக்கு கூட அவ போட்டது இல்ல. ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சு அந்தப் பக்கமே மெலிஞ்சு வெளிச்சம் தெரியும். தம்பிய அடக்கி வச்சேன், அக்கா சொல்றவரைக்கும் நீ பேசக் கூடாதுன்னு, அது இன்னும் மோசம், அவன் வாயப் பொத்திக்கிட்டு குதிப்பான், அவளுக்கு அவன் குதிக்கறதே போதும், எனக்கு முன்னாடி இவனுக்குத் தெரிஞ்சுருச்சுன்னு. அந்த சமயத்துலதான் காலைல எந்திரிச்சதும் வயிறு வலி ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட காட்டினோம், ஒண்ணுமில்லன்னு சொன்னாரு, சனி ஞாயிறு வலிக்குதான்னு கேட்டாரு. வலிக்கல.

ஒரு கல்யாணத்துல சொந்தக்காரங்க ஒருத்தங்க ரெண்டு பேரையும் பாத்து என்ன கண்ணு எந்தக் கிளாஸ்னு கேட்டாங்க. இவன் முந்திக்கிட்டு "நானும் அக்காவும் ஒரே லெவல்"னு பெருமையா சொல்லிட்டான். அவங்க வெகுளியா "அப்படியா, அக்கா ஃபெயிலா"ன்னு சிரிச்சாங்க. அவங்க மேல கோவப்பட்டு என்ன பண்றது, ஊர்ல கிளாஸ் நம்பர வச்சுத்தான் புள்ளைங்கள அளப்பாங்க. எம் பொண்ணு பந்தியில ஒக்காந்து எலையவே பாத்துக்கிட்டு இருந்தா, பாயாசம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், தொடல. வீட்டுக்கு வந்து எனக்கு அழுகையா வந்துச்சு, கூடவே எரிச்சலும். இவ்ளோ பணம் கட்டி வாங்கினத விட்டுட முடியுமான்னு ஒரு பக்கம். நம்மளே புள்ளைய பத்தி நாலு பேர் பேச எடம் குடுக்கறமோன்னு ஒரு பக்கம். வீட்டுக்காரர் "பேசாம ஸ்கூல்ல சேத்துடலாமா"ன்னு கேட்டாரு, அதுக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

வழி கெடச்சது எதிர்பாக்காத எடத்துல. எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, கவர்மெண்ட் துவக்கப் பள்ளில இருந்து ரிடையர் ஆனவங்க. அத்தையோட கோயிலுக்குப் போற கூட்டாளி. அத்தை அவங்ககிட்ட பொலம்பியிருக்காங்க, அவங்க ஒரு நாள் சாயங்காலம் வந்து ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏம்மா, நாங்க ஒண்ணுல இருந்து நாலாங்கிளாஸ் வரைக்கும் ஒரே ரூம்ல வச்சு நடத்தினமே, ஒரே பாய்ல ஒக்கார வச்சோம், ஒரே அட்டைய எடுன்னு யாருகிட்டயும் சொல்லலயே"ன்னாங்க. அவங்க சொன்னது ஏபிஎல், செயல்வழிக் கற்றல். 2003 வாக்குல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007ல தமிழ்நாடு முழுக்க கொண்டு வந்தாங்க, ஆந்திராவுல இருக்கற ரிஷிவேலி பள்ளில, ஒரே டீச்சர் இருக்கற கிராமத்துப் பள்ளிகளுக்காக பண்ண முறைதான் அதுக்கு அடிப்படை. செவுத்துல ஒரு ஏணிப் படம் இருக்கும், ஒவ்வொரு புள்ளையும் தான் எந்தப் படியில நிக்குதோ அந்தப் படிக்கான அட்டைய எடுத்துக்கிட்டு தனக்குரிய குழுவுல போய் ஒக்காரும். கணக்குல மேல் படியில இருக்கற புள்ள தமிழ்ல கீழ் படியில இருக்கலாம், அது யாருக்கும் அதிசயமில்ல. கொரோனாவுக்கு அப்பறம் 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளையோட நெலைய வச்சுத்தான் பிரிச்சாங்க. ஏபிஎல் பத்தி குறை சொல்றவங்களும் நெறைய பேர் உண்டு, டீச்சரம்மாவே அட்டை தொலஞ்சு போறதப் பத்தி அரை மணி நேரம் திட்டினாங்க. ஆனா எனக்கு வேண்டியது அதுல இருந்துச்சு. நான் ஆயிரக்கணக்குல குடுத்து வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது தீக்காத சிக்கல நம்மூரு கவர்மெண்ட் ஸ்கூல்ல எப்பயோ யோசிச்சு வச்சிருக்காங்க.

அதுக்கப்பறம் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு மாத்தினேன். இப்ப எங்க வீட்ல இருக்கற வழக்கம் இதுதான்: எதுல ஒண்ணு தெரிஞ்சாத்தான் அடுத்தது புரியுமோ அத சேக்கறதே இல்ல. கணக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கறது, எழுதறது, இலக்கணம் எல்லாம் தனித்தனி. எதுல எங்க வேணா நுழையலாமோ அது எல்லாம் ஒண்ணா. வரலாறு, புவியியல், அறிவியல், கதை வாசிக்கறது, படம் வரையறது, பாட்டு. இங்கிலாந்துல இருந்த சார்லட் மேசன்னு ஒரு அம்மா, 1842ல பொறந்து 1923ல எறந்தவங்க, வீட்டுக் கல்வி பண்றவங்க இன்னிக்கும் அவங்க முறைய எடுத்துக்கறாங்க. அவங்களோட ரெண்டு விஷயம் எங்களுக்கு ரொம்ப ஒதவுச்சு, ஒண்ணு சின்னப் புள்ளைங்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, இன்னொண்ணு படிச்சுக் காட்டினத புள்ள தன் வாயால திருப்பி சொல்லணும். சின்னவன் வாயால சொல்லுவான், நான் எழுதிக்குவேன். கை வலிக்குதுன்னு சொன்ன அதே பையன் ஒரு பக்கத்துக்கு பேசுவான். எழுதறது தெனமும் ரெண்டே வரி, அது தனிப் பயிற்சியா.

சேத்து நடத்தறதுன்னா என்னன்னு ஒண்ண மட்டும் வெவரமா சொல்றேன். நொய்யல் ஆத்த எடுத்துக்கிட்டோம், கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுக்க அதுதான். வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு வழியா போய் கரூர் மாவட்டத்துல காவேரில கலக்குது. சின்னவன் சார்ட்ல ஆத்த வரைஞ்சு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம்னு ஒவ்வொண்ணா ஒட்டினான், குளத்துல போய் பறவை எண்ணினான், எண்ணறதுன்னா அவனுக்கு கேக்கணுமா. பெரியவ திருப்பூர் சாயப் பட்டறை விஷயத்த எடுத்தா. 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் அணையில பாசனத் தண்ணிக்குப் பதிலா சாயக் கழிவு தேங்கினது, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனது, 2011ல ஐகோர்ட் சாயப் பட்டறைகள மூடச் சொன்னதுன்னு படிச்சு அவளே நாலு பக்கம் எழுதினா. எழுதிட்டு "அப்ப அங்க வேலை பாத்தவங்க எல்லாம் எங்கம்மா போனாங்க"ன்னு கேட்டா, அந்தக் கேள்வி எந்த வொர்க்புக்லயும் இல்ல. அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணல் பத்தி படிச்சப்ப அதுவும் நொய்யல் கரைதான்னு அவளே மேப்ல கண்டுபிடிச்சா. 1902ல இருந்து நம்ம ஊர்ல இருக்கற காஸ் வன அருங்காட்சியகத்துக்கு போனப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில நின்னாங்க. விஷயம் ஒண்ணு, வேலை வேற வேற. ரெண்டு பேர் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாருக்கும் ஒப்பிடத் தோணாது, ஏன்னா ஒண்ணு படம் இன்னொண்ணு கட்டுரை. இத கவனமா பாத்துக்கங்க, ஒரே மாதிரி வேலை குடுத்தா ஒப்பீடு தானா வந்து ஒக்காந்துக்கும்.

கணக்குக்கு பண்ணது வேற. முதல்ல ரெண்டு பேர் நேரத்தையும் பிரிச்சேன், அவளுக்கு காலைல ஆறே முக்காலுக்கு, அவன் எந்திரிக்கறதுக்கு முன்னாடி, கதவ சாத்திக்கிட்டு. சமச்சீர் புத்தகமும் என்சிஇஆர்டி புத்தகமும் பிடிஎஃப்பா இலவசமா கெடைக்குது, அதுல இருந்து வகுப்பு நம்பர் இருக்கற அட்டைய விட்டுட்டு, தலைப்பு வாரியா பிரிண்ட் எடுத்து தெருமுனை ஜெராக்ஸ் கடையில ஸ்பைரல் போட்டேன். பெருக்கல்னு ஒரு புக், வகுத்தல்னு ஒரு புக், பின்னம்னு ஒரு புக். மூணாங்கிளாஸ் பாடமும் அஞ்சாங்கிளாஸ் பாடமும் ஒரே ஸ்பைரலுக்குள்ள வரிசையா இருக்கும், எது எந்த வகுப்புன்னு அவளுக்குத் தெரியாது. பெரிய புள்ள பின்தங்கி இருந்தா இத கட்டாயம் பண்ணுங்க, அட்டையில இருக்கற ஒரு நம்பர் புள்ளைய எவ்ளோ சுருக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது, வாயால பதில் சொல்றத நிறுத்தினேன். சிலேட்டுல எழுதி கவுத்து வைக்கறது, நான் மட்டும் பாப்பேன். மூணாவது, அக்கா தம்பிக்கு சொல்லிக் குடுக்கட்டும்ங்கற யோசனைய தூக்கிப் போட்டேன். சொல்லிக் குடுத்தா நல்லா பதியும்னு எல்லாரும் சொல்வாங்க, அது தனக்கு நல்லா தெரிஞ்ச விஷயத்துலதான். அவ அவனுக்கு கதை படிச்சுக் காட்றா, அதுல ரெண்டு பேருக்கும் சந்தோஷம். கணக்குல அவள டீச்சராக்கினா அவனே அவ தப்ப திருத்துவான்.

பின்னம் மட்டும் ஒரு தடவ ரெண்டு பேருக்கும் சேந்து வந்துச்சு, அதுவும் அத்தை புண்ணியத்துல. ஸ்டோர் ரூம்ல பழைய படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் கெடந்துச்சு. எட்டு ஆழாக்கு ஒரு படி, நாலு உழக்கு ஒரு படின்னு அரிசிய கொட்டிக் கொட்டிக் காட்டினாங்க, அரை, கால், அரைக்கால் (எட்டுல ஒண்ணு), மாகாணி (பதினாறுல ஒண்ணு)ன்னு அவங்க சின்ன வயசுல மனப்பாடம் பண்ணத கடகடன்னு ஒப்பிச்சாங்க. பாடம்னா எனக்கென்ன தெரியும்னு ஒதுங்கினவங்க அன்னிக்கு ரெண்டு மணி நேரம் டீச்சர். சின்னவன் அரிசி அளந்தான், பெரியவ அதே அளவுகள எழுதி கால் கூட்டல் அரைக்கால் எத்தனைன்னு பொதுப் பகுதி எடுத்துப் போட்டா. எட்டுல மூணுன்னு வந்ததும் அவளே மூணு ஆழாக்கு அளந்து சரிபாத்துக்கிட்டா. அந்த வாரம் வயிறு வலி வரல. அடுத்த வாரம் வந்துச்சு, ஒரே நாள்ல மாறிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், முழுசா நிக்க நாலஞ்சு மாசம் ஆச்சு.

வேலை பாதியாகும்னு சொன்னது ஆச்சான்னு கேட்டா, ஆகல. கணக்குக்கும் எழுத்துக்கும் முன்னவிட அதிக நேரம் போகுது, மத்த பாடத்துல மிச்சமாகுது, மொத்தத்துல கொஞ்சம் கொறஞ்சிருக்கு அவ்ளோதான். 11க்கும் 20க்கும் முன்னாடி வர்ற நாள்ல பொதுப் பாடம் மட்டும் வச்சுக்கறேன், மத்தது லீவ். பாடத்துக்கு கிழமை போட்டு வைக்கறதையும் விட்டுட்டேன், வரிசை மட்டும் இருக்கும், இன்னிக்கு எங்க நின்னுச்சோ நாளைக்கு அங்கிருந்து. செவ்வாக்கெழமை அறிவியல்னு எழுதி வச்சு செவ்வாக்கெழமை எல்லாம் க்ளையண்ட் போன் பண்ணா அந்த வருஷமே அறிவியல் நடக்காது. இங்கிலீஷ் இலக்கணம் இன்னிக்கும் சண்டைதான், அதுக்கு எங்கிட்ட வழி இல்ல. சின்னவனுக்கும் ஒரு மனக்குறை உண்டு, அக்காவுக்கு மட்டும் தனியா கதவு சாத்தி சொல்லிக் குடுக்கறீங்கன்னு, அதனால அவனுக்கும் ராத்திரி கால் மணி நேரம் தனி நேரம்.

லெவல் பத்தி இன்னொரு விஷயம், இது பலபேர் யோசிக்கறதில்ல. வீட்ல என்ன லெவல்ல சேத்து வச்சிருந்தாலும் வெளிய எல்லாமே வயச வச்சுத்தான். நாளைக்கே ஸ்கூல்ல சேக்கணும்னா கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும்னு சொல்லுது. அதாவது பெரியவள ரெண்டு வகுப்பு கீழ சேத்து வச்சிருந்தாலும் அவ போய் ஒக்காரப் போறது அவ வயசுக்கான கிளாஸ்லதான், நடுவுல விட்டது எல்லாம் ஒரே நாள்ல தலைமேல விழும். ஸ்கூலுக்குப் போகாமலே பரீட்சை எழுத வழி இருக்கற என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுதணும்னாலும் குறைஞ்சது 14 வயசு ஆகியிருக்கணும். சின்னவன் கணக்குல எவ்ளோ வேகமா போனாலும் அக்காவோட சேந்து பரீட்சை எழுத முடியாது, அதனால ரெண்டு பேரையும் ஒரே ஓட்டமா ஓட்டறதுல அர்த்தமே இல்ல. என்ஐஓஎஸ் பத்தாவதுக்கு மொத்தம் அஞ்சு பாடம், அதுல ஒண்ணாவது மொழிப்பாடமா இருக்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்சை, அட்மிஷன் அஞ்சு வருஷம் செல்லும், அதுக்குள்ள ஒவ்வொரு பாடமா கூட எழுதி முடிக்கலாம். பெரியவளுக்கு இப்ப 13, அடுத்த வருஷம் பதிவு பண்ணணும். கணக்குல இப்பதான் அவ வயசுக்கான எடத்துக்கு வந்திருக்கா, வந்துட்டான்னு சொல்லும்போதே பயமாவும் இருக்கு.

வயசு வித்தியாசம் ஒண்ணு ஒன்றரை வருஷம்தான்னா நீங்க கணக்கக் கூட சேத்து நடத்த முடியலாம், அதுலயும் சின்னது பெருச விட வேகமா இருந்தா வேண்டாங்கறதுதான் என் அபிப்ராயம். மூணு வருஷத்துக்கு மேலன்னா கணக்க சேத்து நடத்தறத நெனச்சே பாக்காதீங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க முதல் ஒரு பருவம் இலவச பிடிஎஃப் வச்சே ஓட்டிப் பாருங்க, உங்க புள்ளைங்க எந்தப் பாடத்துல எங்க நிக்கறாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும், அதுக்கப்பறம் தேவைன்னா கிட் வாங்கலாம். வருஷ செட் வாங்காதீங்க, முதல் பருவம் மட்டும் குடுப்பாங்களான்னு கேளுங்க. பார்சல் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டாங்க, எங்களுக்கு அப்படித்தான் சொன்னாங்க, பில்லுல பின்பக்கம் பொடி எழுத்துல இருந்துச்சு.

ஏற்கனவே வாங்கிட்டவங்க தூக்கிப் போட வேண்டாம். வொர்க்புக்ல பேர் எழுதாம, பென்சில் படாம ஒரு மாசம் வச்சிருங்க, எழுதாத புத்தகத்துக்குத்தான் மறுவிலை. நாங்க வாங்கின கிட்ட பொள்ளாச்சில ஒரே புள்ள இருக்கற வீட்டுக்கு 9,000க்கு குடுத்தேன், எழுதின வொர்க்புக் எல்லாம் அவங்க எடுத்துக்கல, அது பழைய பேப்பர்ல போச்சு. அறிவியல் சோதனை அட்டைங்களையும் உலக மேப்பையும் மட்டும் நான் வச்சுக்கிட்டேன், அது நெஜமாவே நல்லா இருந்துச்சு. உங்க கிட்லயும் கணக்கையும் மொழியையும் ஓரமா எடுத்து வச்சுட்டு மத்தத பொதுப் பாடமா ஆரம்பிங்க, டீச்சர் கைடுல இருக்கற கேள்விய மட்டும் அப்படியே கேக்காதீங்க, பெருசுக்கு ஒண்ணு சின்னதுக்கு ஒண்ணுன்னு ராத்திரியே பென்சில்ல குறிச்சு வச்சுக்கங்க.